படம் எப்படி?



படக்கொட்டகையிலிருந்து வெளிவருவோரை, அடுத்த காட்சிக்காகக் காத்து நிற்போர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “படம் எப்படி?” என்பதே அது. விடையும் பெரும்பாலும் ஓரிரு சொற்களில் முடிந்துவிடும். “நன்றாயிருக்கிறது” என்பார் ஒருவர். “பாட்டு மட்டும் பரவாயில்லை” என்பார் மற்றொருவர். “காசுக்குக் கேடு” என்று கையை உதறிச் செல்வார் மூன்றாமவர். மன்னர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு இருப்பது போலவே இந்தச் சிறு பேச்சுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதனைத் தஞ்சைத் தரணியில் பிறந்த ஒரே ஒரு கதையைக் கொண்டு மாணவர்களுக்கு எடுத்துக் கூறலாம் என்று கருதுகிறேன். அக்கதை, நந்தனாரின் கதை.

கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரில் பிறந்து, புலைப்பாடியில் வாழ்ந்து, தில்லையைக் காண வேண்டுமென்ற ஆவலால் “நாளைப் போவேன், நாளைப் போவேன்” என்று நாட்களைக் கழித்தவர் திருநாளைப்போவார். சேக்கிழார் அவர் வரலாற்றைப் பெரியபுராணத்தில் சுருக்கமாகப் பாடினார். 19ஆம் நூற்றாண்டில் மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அதனை விரித்து, ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யாக ஆக்கினார். சேக்கிழாரிடத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தையும் அவர் படைத்தார். பண்ணைக்கு உடையவராகிய வேதியரே அவர். நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போகலாம் என்று அவர் நந்தனிடம் கூறுகிறார். வேலி ஒன்றுக்கு ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகுதி. ஆகவே நாற்பது வேலி என்பது 260 ஏக்கருக்கும் மேற்பட்டது. உழுது, பரம்படித்து, நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்துக் களம் சேர்க்கும் வரையுள்ள பாடு இன்னதென்று காவிரி நாட்டார் அறிவர். ஆகையால், அந்த ஒரு கட்டளையைக் கேட்ட அளவிலேயே அவர்கள் உள்ளம் நந்தன் பக்கம் சாய்ந்துவிட்டது.

பாரதியார் இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி, அப்போது மாயவரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடினார். இலக்கணப் பிழைகள் மலிந்த நூலுக்குப் பாயிரம் தரப் பெரும்புலவருக்கு மனமில்லை. நாளை, மற்றொரு நாள் என்று ஒத்திவைத்து வந்தார். ஒரு நாள் பாரதியார் வந்தபோது பிள்ளையவர்கள் வீட்டினுள்ளே இருந்தார். பாரதியாரோ திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைத் தாமே பாடத் தொடங்கினார். உள்ளிருந்து கேட்ட புலவரின் நெஞ்சம் நெகிழ்ந்தது. பாயிரம் கிடைத்தது. இந்நிகழ்ச்சியை உலகுக்கு அறிவித்தவர், பிள்ளையவர்களின் மாணவரான டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

இதில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. பிழைகள் பிழைகளே என்ற எண்ணம் பிள்ளையவர்களுக்கு மாறியிருக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்நூல் ஏட்டில் கிடக்கும் செய்யுளன்று, பாடிக் கேட்க வேண்டிய இசை நாடகம் என்பதைத் திண்ணையிலிருந்து வந்த குரல் அவருக்கு உணர்த்தியது. எந்தக் கலையை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே திறனாய்வின் முதற் பாடம். அப்பாடம், சினிமா பிறப்பதற்கு முன்பே மாயவரத்துத் திண்ணையில் நடந்துவிட்டது.

இனி சினிமாவுக்கு வருவோம். 1905ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில துண்டுப் படங்களையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். கூடாரம் அடித்துப் படம் காட்டும் வழக்கம் நம் பக்கத்தில் இவ்வாறு வேரூன்றியது. தமிழ் பேசிய முதற் படமாகிய ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளிவந்தது. அதன் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி திருவையாற்றில் பிறந்தவர். திரை பேசத் தொடங்கியதும் மக்களும் திரையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எனினும் தொடக்கத்தில் அப்பேச்சு பெரும்பாலும் பாட்டைப் பற்றியதாகவே இருந்தது. கச்சேரியிலும் நாடகத்திலும் பழகிய செவிக்கு, திரையும் ஒரு பாட்டு மேடையாகவே தோன்றியது.

இந்நிலையில் 1935இல் ‘பக்த நந்தனார்’ வெளிவந்தது. நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். பெண்ணொருவர் ஆண் வேடம் புனைந்ததும், அதற்கென ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றதும் நாடெங்கும் பேசப்பட்டன. வேதியராகத் தோன்றியவர் இசைப் பேரறிஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். அவரும் தஞ்சை நாட்டவரே. பாட்டுக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. படம் எப்படி?

‘ஆனந்த விகடன்’ இதழில் இதற்கு விடை எழுதியவர் கல்கி. அவர் 1899இல் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தவர். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேரப் பள்ளிப் படிப்பைத் துறந்தவர். ‘ஆடல் பாடல்’ என்னும் பகுதியில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் இசை, நாடகம், நாட்டியம் ஆகியவற்றை மதிப்பிட்டு வந்தவர். ஆளுக்கு அஞ்சி எழுதும் வழக்கம் அவரிடம் இல்லை. இந்தப் படத்தில் மரமும் விலங்குகளுமே நன்றாக நடித்திருக்கின்றன என்னும் பொருள்பட அவர் நகைச்சுவையாக எழுதியது, இன்றும் பலர் சொல்லிச் சிரிக்கும் செய்தியாக இருக்கிறது.

சிரிப்போடு நின்றுவிட்டால் அதன் பொருள் நமக்குக் கிட்டாது. மரமும் விலங்கும் நடிப்பதில்லை, அவை இருக்கின்றன. வெளிப்புறத்தில் எடுத்த காட்சியில் பனைமரம் பனைமரமாகவே நிற்கும். எருமை எருமையாகவே நடக்கும். மேடையில் பழகிய மனிதரோ, காமிராவின் எதிரிலும் அரங்கத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படியே பாடிப் பேசி நின்றார்கள். வயலில் உழைக்கும் ஒரு பண்ணையாளின் வாழ்வைக் காட்ட வந்த படத்தில் வயல் உண்மையாகவும் மனிதர் பொய்யாகவும் தோன்றினால், பார்ப்பவருக்கு அது உறுத்தும். கல்கியின் கேலியை நான் இவ்வாறே பொருள்கொள்கிறேன். பாடகரின் பாட்டுக்கு ஓர் அளவுகோல், படத்துக்கு வேறோர் அளவுகோல் என்பதை நம்மவர்க்கு உணர்த்திய எழுத்து அது. சுந்தராம்பாளின் இசைப் பெருமையை அது குறைக்கவுமில்லை. அவர் பின்னும் பல்லாண்டு புகழோடு விளங்கினார்.

கருத்துரைப்பவரே கலைக் களத்தில் இறங்கினால் என்ன ஆகும்? அதுவும் நடந்தது. 1939இல் ‘தியாக பூமி’ வெளிவந்தது. கதை கல்கியுடையது, இயக்கியவர் பாபநாசத்தில் பிறந்த கே. சுப்பிரமணியம், சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன். படத்தின் காட்சிகளைப் புகைப்படமாக வெளியிட்டு, விகடனில் கதை தொடராக வந்தது. காவிரி நாட்டுக் கற்பனைச் சிற்றூராகிய நெடுங்கரையில், புயலில் வீடிழந்த ஹரிஜனங்களுக்குச் சம்பு சாஸ்திரி இடம் தருகிறார். அதனால் ஊரார் அவரை விலக்கி வைக்கின்றனர். நந்தனைப் பிறர் எவ்வாறு நடத்தினர் என்ற பழைய கேள்வியே இங்கும் புதிய உருவில் எழுந்ததைக் காணலாம். காங்கிரஸ் மந்திரிசபை பதவி விலகிய பின், ஆங்கில அரசு இப்படத்துக்குத் தடை விதித்தது. அரசாங்கமும் படத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் கொண்டிருந்தது. அதனை வெளியிட ஆணையைக் கையாண்டது! பொதுமக்கள் கூறும் கருத்தை மறுத்து வேறொரு கருத்தைக் கூறலாம். ஆணையை அவ்வாறு மறுத்துப் பேச இடமில்லை. அபிப்பிராயத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் இதிலிருந்து அறியலாம்.

அதே 1939இல் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு ஏற்பட்டது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலும், தஞ்சையில் பெரிய கோயிலும் ஹரிஜனங்களுக்குத் திறக்கப்பட்டன. மாகாணம் முழுமைக்கும் உரிய சட்டம் 1947இல் வந்தது. இந்த மாறுதலுக்கு இடையில்தான், 1942இல், மற்றொரு ‘நந்தனார்’ படம் வெளிவந்தது. தயாரித்தவர் திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ். எஸ். வாசன். ஏழாண்டுகளுக்கு முன் கல்கியின் மதிப்புரையைத் தாங்கி வந்த விகடனின் உரிமையாளரும் அவரே! நந்தனாராகத் தோன்றியவர் திருச்செங்காட்டங்குடியில் பிறந்த எம். எம். தண்டபாணி தேசிகர், வேதியர் செருகளத்தூர் சாமா. தேவாரப் பண்ணில் தோய்ந்த தேசிகரின் குரலும் சாமாவின் அடக்கமான நடிப்பும் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தன. இதனை இன்று பார்ப்பவர், வேதியர் நந்தனின் பெருமையை உணரும் இடத்தில் நெகிழாமல் இருக்க இயலாது.

ஒரே கதை, ஏழாண்டு இடைவெளி. நடிப்பு மாறியது, இயக்கம் மாறியது, பார்ப்பவரும் மாறியிருந்தார்கள். 1935இல் கோயில் வாயிலில் நின்ற நந்தனைத் திரையில் கண்டவர், வெளியே வந்ததும் அதே காட்சியைத் தம் ஊர்க் கோயிலிலும் காணலாம். 1942இல் கண்டவர், “இந்த நிலை மாறத் தொடங்கிவிட்டதே” என்று எண்ண இடமிருந்தது. படத்தைப் பற்றிய கருத்து, படத்தால் மட்டும் உருவாவதில்லை. காண்பவர் வாழும் காலமும் அதில் ஒரு பங்கு கொள்கிறது.

இதுவரை புலவர், எழுத்தாளர், அரசு, முதலாளி ஆகியோரைப் பற்றிப் பேசினோம். படம் யாரைப் பற்றியதோ அவர் என்ன சொன்னார்? பண்ணையாள் என்ன சொன்னார்?

கூடாரக் கொட்டகைகளை என் இளமையில் நானும் கண்டிருக்கிறேன். இருட்டிய பின்னரே அங்கு ஆட்டம் தொடங்கும். ஒரே கருவி ஆதலால் சுருள் மாற்றும் போதெல்லாம் விளக்கு எரியும். அந்த இடைவேளைகள்தாம் ஊராரின் கருத்தரங்குகள்! மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்திருந்த தரை டிக்கெட்டார், “மாடு பூட்டத் தெரியாதவனை ஏர் பிடிக்க விட்டிருக்கிறான்” என்று சொல்லிச் சிரிப்பார்கள். நாற்று முடியைக் கையில் பிடிக்கும் விதத்திலேயே நடிகையின் உழைப்பை எடைபோட்டுவிடும் பெண்கள் அங்கே இருந்தார்கள். எந்த ஏட்டு மதிப்புரைக்கும் குறையாத நுட்பம் அது.

ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஓர் அரிய உண்மையைச் சுட்டியிருக்கிறார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்பதும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, கொடுத்த காசே என்பதும் அவர் கருத்து. நந்தனின் வழிவந்தோர்க்கு வேறு பல வாயில்கள் அடைபட்டிருந்த காலத்தில், நந்தன் கதையைக் காணக் கொட்டகையின் வாயில் திறந்திருந்தது. தஞ்சைப் பண்ணையாட்களின் வேலைக்கும் கூலிக்கும் பாதுகாப்பளிக்கும் தனிச் சட்டம் 1952இல்தான் வந்தது. அதற்குப் பதினேழாண்டுகளுக்கு முன், பண்ணை வேலை முடித்துக் கால் கழுவிக்கொண்டு வந்து, நாற்பது வேலிக் கட்டளையைக் கேட்ட அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார்? அழுதாரா? சினந்தாரா? “எங்கள் வீட்டுக் கதை” என்றாரா? அவர் கருத்தை எவரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் கூற வேண்டும். 1935இன் ‘பக்த நந்தனார்’ படம் இன்று நமக்குக் கிடைப்பதில்லை; அதன் படச்சுருள் அழிந்துபோயிற்று. லட்ச ரூபாய் ஊதியம் பெற்ற நடிப்பை நாம் காண வழியில்லை. ஆனால் கல்கியின் மதிப்புரையைப் பற்றி நாம் இன்னும் பேசுகிறோம். படம் போய்விட்டது, படத்தைப் பற்றிய கருத்து நிலைத்துவிட்டது. அது நிலைத்ததற்குக் காரணம், அது எழுதப்பட்டது என்பதே. பண்ணையாளின் கருத்து மறைந்ததற்குக் காரணம், அது எழுதப்படவில்லை என்பதே. ஆகவே அந்தப் படத்தின் வரலாறு நமக்குப் பாதிதான் கிடைத்திருக்கிறது.

மாணவ நண்பர்களே! இன்று உங்கள் கையிலுள்ள தொலைபேசியில் நூறு படங்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலை உயர்த்தியோ தாழ்த்தியோ தீர்ப்புச் சொல்லிவிடுகிறீர்கள். அது தவறன்று, ஆனால் அது விடையின் தொடக்கமே. வகுப்பில் “படம் நன்றாயிருந்தது” என்று கூறும் மாணவரிடம் நான் மூன்று கேள்விகள் கேட்பதுண்டு. எந்த இடம் உன் மனத்தைத் தொட்டது? அது உண்மையாய்த் தோன்றியது எதனால்? அந்த வாழ்வை வாழ்ந்தவர் அதனைப் பார்த்தால் என்ன சொல்வார்? முதற் கேள்விக்கு எல்லாரும் விடை கூறுவர். இரண்டாவதற்குச் சிலர் சிந்திப்பர். மூன்றாவது கேள்வி எழுந்தவுடன் வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு, வழக்கமாகப் பேசாத ஒரு பையன் எழுந்து பேசுவான்.

அவன் பேசுவதைக் கவனமாகக் கேளுங்கள். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில், கூடாரக் கொட்டகையின் மணலில் அமர்ந்து படம் பார்த்த முதியோர் இன்னும் சிலர் இருக்கக்கூடும். வரும் விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்லுங்கள். “தாத்தா, அந்தக் காலத்தில் நீங்கள் பார்த்த படம் எப்படி?” என்று கேளுங்கள். அவர்கள் கூறுவதை, அவர்கள் கூறிய சொற்களிலேயே எழுதி, தேதியும் ஊரும் குறித்து வையுங்கள். 1935இல் எவரும் செய்யாமல் விட்ட பணி அது.