ரத்தம் உறையாமல் போன கதை

கிருமியைக் கொல்ல வந்த மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்குமா? "அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. அந்தக் கதை கோழிக்குஞ்சில் ஆரம்பிக்கிறது.

1929-ல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்பவர் குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய தீனி கொடுத்து ஆராய்ந்து வந்தார். குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கசிந்தது. எடுத்த ரத்தம் லேசில் உறையவில்லை. தீனியில் இல்லாத ஏதோ ஒன்றுதான் காரணம் என்று துருவிக்கொண்டே போனார். 1935-ல் அதற்கு 'வைட்டமின் கே' என்று பெயர் வைத்தார். 1943-ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கும் அமெரிக்கரான எட்வர்ட் டாய்சிக்கும் கிடைத்தது.

புரோத்ராம்பின் போன்ற உறைவுப் புரதங்களைக் கல்லீரல் பக்குவமாகச் செய்ய இந்த வைட்டமின் வேண்டும். கீரையிலிருந்து கிடைக்கும், குடல் பாக்டீரியாவும் கொஞ்சம் தயாரிக்கும். ஆன்டிபயாடிக் அந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து ஒழித்துவிடும். நோயாளி சரியாகச் சாப்பிடவும் இல்லையென்றால் இரண்டு வழியும் அடைபட்டுப்போகும்.

விஷயம் அதோடு முடியவில்லை. 1981-ல் அமெரிக்காவில் மாக்சலாக்டம் என்ற புது ஆன்டிபயாடிக் விற்பனைக்கு வந்தது. ஆபத்தான தொற்றுகளுக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் சில நோயாளிகளுக்கு ரத்தப்போக்கு ஏற்பட்டது. ஆராய்ந்தபோது குற்றவாளி, அதன் மூலக்கூறில் ஒட்டியிருந்த ஒரு சின்னப் பக்கச்சங்கிலி என்று தெரிந்தது. ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யைக் கல்லீரல் புதுப்பித்து மறுபடி பயன்படுத்தும். அந்தப் புதுப்பிக்கும் வேலைக்கே இது குறுக்கே நின்றது. போதாததற்கு, அந்த மருந்து ரத்தத் தட்டணுக்களையும் மந்தமாக்கியது. கூடவே வைட்டமின் கே கொடுக்கச் சொன்னார்கள். ஆனாலும் மருந்துக்கு இருந்த மவுசு குறைந்துவிட்டது.

பழங்கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். அதே பக்கச்சங்கிலி உள்ள செஃபோபெரசோன் இன்றும் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் பயன்படுகிறது. பட்டினியாகக் கிடப்பவர், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர் என்றால் கூடுதல் கவனம் தேவை.

இதய வால்வு மாற்றிக்கொண்டு வார்ஃபரின் சாப்பிடுபவர் நம் வீடுகளிலும் இருக்கலாம். கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல் போன்றவை வார்ஃபரின் உடலில் சிதைவதைத் தாமதப்படுத்தி அதன் வேகத்தைக் கூட்டிவிடும். ஆகவே, கடையில் தானாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். எந்த டாக்டரிடம் போனாலும் "நான் வார்ஃபரின் சாப்பிடறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆன்டிபயாடிக் ஆரம்பித்த சில நாட்களுக்குள் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மருத்துவமும் மருந்தியலும் படிக்கும் தம்பி தங்கைகளே, இதை நீங்கள்தான் நாலு பேருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.