‘போல’வின் பங்காளிகள்

கோவையில் ஓர் அச்சகத்தில் 18 வருஷம் புரூஃப் பார்த்தேன். கம்பாசிட்டர் அடுக்கிய எழுத்தை நீளத்தாளில் ஒற்றியெடுத்து, மை காயுமுன் என் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் வந்த தொடர்கதையில் ஒரே பக்கத்தில் 11 ‘போல’. எல்லாவற்றையும் சுழித்து எழுத்தாளருக்கு அனுப்பினேன். ஐந்தை ‘மாதிரி’ ஆக்கித் திருப்பியனுப்பினார். மீதி ஆறும் அப்படியே இருந்தன.

தொல்காப்பியர் இருந்திருந்தால் அவரும் சுழித்திருப்பார். உவமவியலில் அவர் 36 உவம உருபுகளை ஆறாறாக அடுக்குகிறார். இவை போல இன்னும் உண்டு என்றும் சொல்லிவிடுகிறார். பிறகு, ஒப்புமை வினையால் வருகிறதா, பயனாலா, வடிவாலா, நிறத்தாலா என்று நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எட்டெட்டுச் சொல்லைப் பங்கு வைக்கிறார். நம் ‘போல’ விழுவது நிறத்தின் பங்கில். பவளம் போன்ற வாய் என்றால் சரி. புலி போலப் பாய்ந்தான் என்றால் அவர் கணக்கில் அது அடுத்தவன் பங்கு. பாய்ச்சலுக்கு ‘அன்ன’, ‘மான’ இருக்கின்றன. சங்கப் புலவர்கள் இந்த வேலியை மதித்தார்களா என்றால், இல்லை. ‘அன்ன’வை அவர்கள் கை போன இடத்திலெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அந்தப் பங்கீட்டைவிட அந்தச் சொற்கள்தான். எள்ள, வெல்ல, கள்ள, வியப்ப, நடுங்க, மறுப்ப. எல்லாமே ஒரு காலத்து வினைச்சொற்கள். கைக்கு மழையை உவமை சொன்னால், கை மழையை எள்ளுகிறது, வெல்கிறது, அதன் குணத்தைக் களவாடுகிறது, மழை நடுங்குகிறது. ஒப்பிடுவதற்குள்ளேயே ஒரு பங்காளிச் சண்டை நடக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் எழுதும்போது பட்டியல் பன்னிரண்டாகச் சுருங்கிவிட்டது. பங்கு பிரிப்பதும் இல்லை. ‘போல’ முதலாவதாக வந்து உட்கார்ந்துகொண்டது. சண்டைக்கார உருபுகள் பலவற்றை அங்கே காணோம்.

இப்படி ஒரு பொருளுக்குப் பல சொல் வைத்திருந்த காலத்தின் பழக்கம் நிகண்டு மனப்பாடம். என் தாத்தா தாமிரபரணிக் கரையில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். 80 வயதிலும் சூடாமணி நிகண்டை, ஈஸிசேரின் கைப்பிடியில் விரலால் தாளம் தட்டியபடி ஒப்பிப்பார். சமணரான மண்டலபுருடர் அதை விருத்தத்தில் எழுதியது பள்ளிப் பிள்ளைகளுக்கு வசதியாய்ப் போனது. திவாகரம், பிங்கலம் என்ற பழைய நிகண்டுகள் நூற்பாவில் இருந்தன; இது பாட்டாக ஓடியது. அதன் 11ஆம் தொகுதி ஒரு சொல்லுக்கு வரும் பல பொருளைச் சொல்வது. அதில் சொற்கள் எதுகை வரிசையில் நிற்கும். தேடுவதற்கு வாயே போதும், கண் வேண்டாம்.

“அர்த்தம் தெரியுமா தாத்தா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மொதல்ல நெஞ்சுல போட்டு வைக்கணும்ளா. அர்த்தம் பொறவு வந்து ஒட்டிக்கிடும்.”

1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் வைத்தபோதே இந்த முறைக்கு மாற்று வந்துவிட்டது. ஆனாலும் 1849இல் அச்சுயந்திரம் வாங்கச் சென்னைக்குப் போன ஆறுமுக நாவலர் அங்கேயே அச்சிட்ட நூல்களில் ஒன்று சூடாமணி நிகண்டு உரை. நூறு வருஷத்துக்குப் பிறகும் நிகண்டு ஓய்ந்துவிடவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பின்னால் திண்ணைகள் காலியாயின, நிகண்டும் போயிற்று.

பேச்சில் மட்டும் பங்காளிகள் பிழைத்துக் கிடக்கிறார்கள். என் அம்மாவுக்கு யாரும் ‘பேய் கணக்கா’ அலைவார்கள். பொள்ளாச்சிக்கு வாக்கப்பட்டு வந்தபின், மாமியார் என் மகளைப் பார்த்து, “அப்பனாட்டமே இருக்கறா” என்றார். முதலில் ஏதோ ஆட்டத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். சாடை, அச்சு அசல், உரிச்சு வச்சாப்பல என்று முகத்துக்கு மட்டுமே தனியாக ஒரு கூட்டம் உண்டு.

தாத்தா இறந்தபோது பாட்டி ஒப்பாரி வைத்தாள். எங்கள் பக்கத்தில் அதை ‘ஒப்பு வச்சு அழுகிறது’ என்பார்கள். ஒப்பிப்பதிலும் அதே ஒப்புதான் இருக்கிறது என்பது, புரூஃப் பார்க்கிற புத்தி, அந்த நேரத்திலும் எனக்கு உறைத்தது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தாவைத் தேர் என்றாள், தூண் என்றாள், கரை என்றாள், விடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு ‘போல’கூட வரவில்லை.