பழசாகிப்போன எதிர்காலம்

1966-இல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்றைப் படமாக்கினார்கள். உப்புக்காக மனிதர்களைக் கொல்லும் ஒரு வேற்றுக்கிரக ஜீவனின் கதை அது. ஆகவே உப்புக் குப்பிகள் வேண்டியிருந்தன. எதிர்காலத்துக்குப் பொருந்தட்டும் என்று விநோத வடிவங்களில் சிலவற்றை வாங்கி வந்தார்கள். வாங்கிய பிறகுதான் சிக்கல் உறைத்தது: இவை உப்புக் குப்பிகள் என்று பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? காட்சிக்குச் சாதாரணக் குப்பியே போதும் என்று முடிவானது. விநோதக் குப்பிகளும் வீணாகவில்லை. டாக்டர் மெக்காயின் கைக்குப் போய், 23-ஆம் நூற்றாண்டின் மருத்துவக் கருவிகள் ஆகிவிட்டன.

35 ஆண்டுகள் கழித்து வேறொரு குழுவுக்கு ஒரு வேலை வந்தது. அந்தக் குப்பிகளுக்கு நூறு ஆண்டுகள் முந்தைய மருத்துவமனையை அமைக்க வேண்டும்.

2001 செப்டம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'எண்டர்பிரைஸ்' தொடரின் கதை 2151-இல் தொடங்குகிறது. 1966 தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்கின் காலத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்பு. அறிவியல் புனைகதையில் முன்கதை எடுப்பவர்களைப் பிடித்து ஆட்டும் கணக்கு இதுதான்: கருவிகள் 2001-ஐ விடப் புதியவையாகத் தெரிய வேண்டும், 1966-இல் கற்பனை செய்ததை விடப் பழையவையாகவும் தெரிய வேண்டும். இடையில் நிஜ உலகம் சும்மா இருக்கவில்லை. கிர்க் மடக்கித் திறந்த தகவல் கருவி அந்தக் காலத்தில் அதிசயம். 1996-இல் மோட்டோரோலாவின் ஸ்டார்டாக் வந்தபோது, மடக்குபோன் சட்டைப்பைச் சாமான் ஆகிவிட்டது.

கிர்க்கின் பழைய எண்டர்பிரைஸ் கப்பலின் தோற்றம் ஏனோதானோவென்று பிறந்ததல்ல. அதை வடிவமைத்த மாட் ஜெஃப்ரீஸ், இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர். பழுது பார்க்க வேண்டியதெல்லாம் உள்ளே இருக்க வேண்டும், விண்வெளியில் வெளியே போய் ஸ்பேனர் பிடிக்க முடியாது என்பது அவர் கொள்கை. கப்பலின் வெளிப்புறம் வழுவழுப்பாக இருப்பது அதனால்தான். பழுது பார்க்க ஊர்ந்து போகும் குழாய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

சில விஷயங்களைத் தீர்மானித்தது பணம். வாரந்தோறும் ஒரு கிரகத்தில் கப்பலை இறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது. ஆகவே ஆட்களையே கரைத்துக் கீழே அனுப்பும் 'டிரான்ஸ்போர்ட்டர்' பிறந்தது. திரையில் அந்த மினுமினுப்பு, வெளிச்சத்தில் அலுமினியத் தூளைக் கொட்டிப் படமெடுத்ததுதான்.

'எண்டர்பிரைஸ்' குழுவின் கலை இயக்குநர் ஹெர்மன் சிம்மர்மன் விடை தேடிப் போன இடம் நீர்மூழ்கிக் கப்பல். தாழ்ந்த கூரை, குறுகிய நடைவழி, பிடித்துக்கொள்ளக் கம்பிகள், எங்கு பார்த்தாலும் உலோகம். சீருடை, நாசா வீரர்கள் போடும் நீல நிற முழு உடையைப் போல ஜிப்பும் பைகளுமாக இருந்தது. ஆனால் திரைகள்? 2001-இல் கிடைத்த தட்டைத் திரைகளையே பொருத்தினார்கள். கிர்க்கின் மேசையில் மின்னிய வண்ணப் பிசின் பட்டன்களோடு ஒப்பிட்டால், பூட்டன் வீட்டு டி.வி. பேரன் வீட்டு டி.வி.யை விட நன்றாக இருந்தது. இதைச் சுட்டிக்காட்டாத ரசிகர் குறைவு.

தோற்றத்தில் தோற்ற இடத்தில் எழுத்தாளர்கள் ஈடு கட்டினார்கள். இந்தக் கப்பலில் பாதுகாப்புக் கவசம் கிடையாது, வெளித்தகட்டுக்கு மின்முனைப்பு ஏற்றுவதோடு சரி. வேறொரு கப்பலை இழுக்க ஒளிக்கற்றை கிடையாது, கம்பி வடத்தில் கட்டிய கொக்கியை எறிய வேண்டும். பிரபஞ்சத்தின் எல்லா மொழிகளையும் நொடியில் பெயர்க்கும் இயந்திரம் இன்னும் சரியாக வேலை செய்யவில்லை. அதனால் ஹோஷி சாட்டோ என்ற மொழியியலாளர் பதறிக்கொண்டே இலக்கணம் பிடிக்கிறார். டிரான்ஸ்போர்ட்டர் இருக்கிறது, ஆனால் அதில் ஏற ஆளில்லை. ஆரம்ப அத்தியாயம் ஒன்றில், புயலுக்கு நடுவே ஒரு மாலுமியை அதன் வழியே மேலே இழுக்கிறார்கள். அவர் வந்து சேரும்போது காற்றில் பறந்த இலையும் சருகும் அவர் தோலுக்குள் பதிந்திருக்கின்றன. திரை எவ்வளவு தட்டை என்பது அந்தக் கணத்தில் யாருக்கும் நினைவில் இருந்திருக்காது.

அதே தொடர் 2005-இல், முடியப்போகும் நேரத்தில், துணிச்சலான காரியம் ஒன்றைச் செய்தது. இரண்டு பகுதிக் கதை ஒன்றுக்காக 1960-களின் கட்டுப்பாட்டு அறையை அப்படியே மறுபடியும் கட்டினார்கள். நூறாண்டு எதிர்காலத்திலிருந்து வந்த கப்பல் என்பது கதை. அதே பிசின் பட்டன்கள், அதே வண்ணங்கள். 22-ஆம் நூற்றாண்டுப் பாத்திரங்கள் அதற்குள் நுழைந்து, எட்டாத வல்லமை கைக்குக் கிடைத்தது போல நடந்துகொள்கிறார்கள். அவர்கள் நம்பியதால் பார்ப்பவர்களும் நம்பினார்கள்.

இதே கணக்கை வேறு வழியில் போட்டவர் ரொனால்ட் டி. மூர். 'ஸ்டார் ட்ரெக்' தொடர்களில் எழுதிப் பழகியவர். அவர் 2003-இல் புதுப்பித்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வில், ஒளியை மிஞ்சிப் பாயும் போர்க்கப்பலில் ஒயர் சுருண்ட தொலைபேசிகள் தொங்கின. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கத் தடை. காரணம் கதைக்குள்ளேயே இருந்தது: எதிரிகளான சைலான் இயந்திரங்கள் எந்த வலைப்பின்னலுக்குள்ளும் புகுந்துவிடும். இந்த ஒரு விதி, 2010-இல் வந்த முன்கதையான 'காப்ரிகா'வுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கலாக்டிகாவுக்கு 58 ஆண்டுகள் முந்தைய அந்த உலகத்தில் காகிதம் போல மடியும் கணினி உண்டு, கண்ணில் மாட்டினால் மாய உலகத்துக்குள் நுழைக்கும் பட்டை உண்டு. பேரன் காலத்தை விடத் தாத்தா காலம் முன்னேறியிருந்தது. சூடு கண்ட பூனைகளாகப் பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் கைவிட்டார்கள் என்றால் கணக்கு சரியாகிவிடுகிறது.

2017-இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி' அப்படி ஒரு விதியை முன்கூட்டியே வைத்துக்கொள்ளவில்லை. கிர்க்குக்குப் பத்தாண்டு முந்தைய கதையில் ஆட்கள் ஒளியுருவங்களாக எதிரே நின்று பேசினார்கள். பூஞ்சை வித்துகளின் வலையைப் பிடித்துக் கப்பல் நொடியில் அண்டத்தைக் கடந்தது. இவையெல்லாம் கிர்க் காலத்தில் எங்கே போயின? இரண்டாம் பருவத்தில் ஒட்டுப்போடும் வேலை நடந்தது. பின்னால் கிர்க்கிடம் வரப்போகும் எண்டர்பிரைஸ் கப்பலில் கோளாறு தொடரவே, அதன் கேப்டன் பைக் ஒளியுருவக் கருவிகளைப் பிடுங்கி எறியச் சொல்கிறார், பழைய திரையே போதும் என்கிறார். பூஞ்சை இயந்திரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பருவத்தின் முடிவில் தடை வருகிறது. அதற்கும் மேலே, டிஸ்கவரி கப்பலையே 900 ஆண்டுகளுக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள். முன்கதை அத்தோடு முன்கதையாக இல்லாமல் போனது.

ரிட்லி ஸ்காட்டும் 2012-இல் இதே வழுக்கலில் கால் வைத்தார். தன் 1979 'ஏலியன்' படத்துக்கு முந்தைய கதையாக அவர் எடுத்த 'ப்ரொமீதியஸ்' முழுக்கப் பளபளப்பு, அந்தரத்தில் மிதக்கும் ஒளிவரைபடங்கள். முதல் படத்தின் நோஸ்ட்ரோமோ கப்பலோ, பருத்த கண்ணாடித் திரைகளும் தடதடக்கும் விசைகளும் கொண்ட சரக்கு லாரி போன்றது.

2025-இல் நோவா ஹாலி எடுத்த 'ஏலியன்: எர்த்' தொடர், நோஸ்ட்ரோமோவின் கதைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2120-இல் நடக்கிறது. தொடக்கத்தில் வரும் மேஜினோ என்ற கப்பலின் உட்புறத்தை 1979-இன் அச்சிலேயே அமைத்தார்கள். மாலுமிகள் உறக்கப் பெட்டிகளிலிருந்து எழுந்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். பக்கத்தில் சிறு விளக்குகள் வரிசையாக மின்ன, பருத்த திரைகளில் எழுத்துகள் ஓடுகின்றன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் கையில் வைத்திருந்த போனின் திரை அவற்றை விடக் கூர்மையானது.