கிருமியை வாசிக்க எழுபது வருசம்

கலைப்பீடத்தில படிக்கிற எங்களுக்கு வரலாறு எண்டா அரசர்களும் ஒப்பந்தங்களும்தான். காசநோய்க் கிருமிக்கும் ஒரு வரலாறு இருக்கு.

1948இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஸ்ரெப்ரோமைசின் பரிசோதனையின் முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். ஆனால் ஐந்து வருசத்தில் மருந்து பெற்றவர்களிலும் 32 பேர் இறந்துவிட்டார்கள். பலருடைய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறியிருந்தன.

பிறகு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எது பலிக்காது எண்டு அறிய, மெதுவாகப் பெருகும் கிருமியை வாரக்கணக்கில் வளர்த்துப் பார்க்க வேணும். அதுவரை நோயாளி பலிக்காத மருந்தையே விழுங்கலாம், நோயும் பரவலாம்.

1998இல் அக்கிருமியின் மரபணுத்தொகுதி, ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துகள், முழுதாக வாசிக்கப்பட்டது. 2017இல் இங்கிலாந்தில் அந்த வாசிப்பு வழமையான பரிசோதனையானது. ஒரு எழுத்து மாறினாலே ரிபாம்பிசின் பலிக்காமல் போகலாம். இரண்டு பேரின் கிருமிகள் அநேகமாக ஒரே மாதிரி எண்டால், தொற்று வந்த வழியையும் தேடலாம்.

அந்தப் பரிசோதனையில் பாதிப்பேருக்கு மருந்து கொடுக்காததற்கு ஒரு காரணம், மருந்து எல்லாருக்கும் காணாததுதான். இண்டைக்கு வாசிக்கத் தெரியும். வாசிச்ச பிறகு கொடுக்க மருந்து இருக்குதா எண்டுதான் நாங்கள் கேக்க வேணும்.