அளவு யாருடையது? – பழைய கோல்ஃப் மட்டைகளும் ஒரு சீட்டுக் காசும்

கலஹாவில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால் எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் வாரத்தில் ஆறு நாள் விடியுமுன்னமே பஸ் ஏறி, பேராதனை வழியாகக் கண்டிக்குப் போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்து ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு வேலைக்குப் போகிறார். ஆடுகிறவர்களின் பையைச் சுமப்பது, பந்து எங்கே விழுந்தது என்று பார்ப்பது, அடுத்த அடிக்கு எந்த மட்டை சரி என்று சொல்வது அவர் வேலை. அதற்குப் பேர் 'கெடி'. ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தமிழில் கேடி என்றால் வேறு அர்த்தம் தானே!

போன வருஷம் அங்கே ஆட வரும் பெரியவர் ஒருவர், முதுகு வலியால் விளையாட்டை விட்டபோது, தன் பழைய மட்டைகளை அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். மொத்தம் 11. கொடுத்தவர் ஆறடிக்கு மேல். வாங்கியவரோ ஐந்தடி மூன்று அங்குலம். அண்ணன் அடித்தால் பந்து நேரே போகாமல் இடப்பக்கமாகவே ஓடியது. கெடிகளுக்கென்று நடக்கிற ஒரு போட்டியில் இறங்க அவருக்கு ஆசை.

கடை வாசலில் இதைப் பற்றி ஒரு மாலை முழுக்க வாதம் நடந்தது. "இத வெட்டிச் சின்னதாக்கினா போதும்" என்றது ஒரு கூட்டம். "அடுத்தவன் செருப்பு அது. அளவெடுத்துச் செய்யிற செட் ஒண்ணு வாங்குண்ணே" என்றது இன்னொன்று. வாங்கலாம் தான். அதற்கு இருந்த ஒரே வழி அவருடைய அம்மாவின் சீட்டுக் காசு. அது கூரைத் தகரம் மாற்ற வைத்திருந்த காசு.

எங்களில் யாருக்கும் கோல்ஃப் தெரியாது. அதனால் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க, இது மட்டையைப் பற்றிய கேள்வி மாத்திரம் இல்லை என்று பட்டது. ஒரு கருவி யாருடைய உடம்பை அளந்து செய்யப்படுகிறது என்ற பழைய கேள்வி இதற்குள் இருந்தது.

முதலில் மட்டையின் கதை. நூறு வருஷத்துக்கு முன்பு கோல்ஃப் மட்டையின் தண்டு மரம். ஹிக்கரி என்ற வட அமெரிக்க மரத்தில் ஒவ்வொன்றாக இழைத்துச் செய்தார்கள். மரம் என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இராது. ஒன்று வளையும், ஒன்று முறுகும். இன்றைக்கு எண்களால் சொல்லும் மட்டைகளுக்கு அன்று மஷி, நிப்ளிக், கிளீக் என்று தனித்தனிப் பேர். ஆட்டக்காரர்கள் கடைகடையாக ஏறி, கையில் எடுத்து வீசிப் பார்த்து, பிடித்ததை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். பிடிக்காததைச் சீவினார்கள், வெட்டினார்கள், தோலைச் சுற்றிப் பிடியைப் பருமனாக்கினார்கள்.

அமெரிக்கரான பாபி ஜோன்ஸ் 1930 இல் ஒரே வருஷத்தில் அன்றைய நான்கு பெரிய பட்டங்களையும் வென்றது இப்படிச் சேர்த்த மர மட்டைகளால் தான். அவருடைய மட்டைகளைப் பின்னாளில் கருவி வைத்துச் சோதித்தபோது, ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி இருந்தன என்றும், அந்த ஒன்று அவருக்கு எப்போதும் தொல்லை கொடுத்த மட்டை என்றும் சொல்வார்கள். கை கண்டுபிடித்ததைக் கருவி பிறகு உறுதிப்படுத்தியது.

1929 இல் ஸ்கொட்லாந்தின் செயின்ட் அன்ட்ரூஸில் உள்ள விதி வகுக்கும் அமைப்பு உருக்குத் தண்டை அனுமதித்தது. 1931 இல் பில்லி பர்க் உருக்குத் தண்டோடு அமெரிக்க ஓபனை வென்றார். அதன் பிறகு மட்டை தச்சரின் பட்டறையை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனது. பேர்கள் போய் எண்கள் வந்தன. ஒன்றைப்போலவே ஆயிரம் செய்ய முடிந்ததால், கடைக்காரர்கள் செட் செட்டாக விற்றார்கள். சிலர் இருபத்தைந்துக்கும் மேல் தூக்கிக்கொண்டு போக, பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்று அமெரிக்காவில் 1938 இலும் பிரித்தானியாவில் 1939 இலும் விதி வந்தது. அந்த விதியைப் பற்றி என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பையைச் சுமந்தவரின் தோள்.

தொழிற்சாலை என்று வந்தால் 'நியம அளவு' என்று ஒன்று வேண்டும். அந்த அளவு நடுத்தர உயரமுள்ள ஒரு மேற்கத்திய ஆணை மனதில் வைத்தது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்? ஆண்களின் மட்டையை வெட்டிக் கொடுத்தார்கள். வெட்டினால் நீளம் குறையும், ஆனால் தண்டு இன்னும் விறைப்பாகும், வீசினால் தலையின் பாரமே கைக்குத் தெரியாது. அளவு சரி, ஆட்டம் வராது.

இதை மாற்றியவர்களில் ஒருவர் கார்ஸ்டன் சொல்ஹைம். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியில் பொறியியலாளராக இருந்தவர். பந்தைக் குழிக்குள் தட்டும் தன் மட்டை பிடிக்காமல் 1959 இல் தானே ஒன்று செய்தார். பிங் என்ற கம்பனி அப்படித்தான் தொடங்கியது. 1970களில் அந்தக் கம்பனி மட்டைத் தலையில் நிறப் புள்ளி வைத்து விற்றது. ஆளின் உயரத்தையும், மணிக்கட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து, அதற்கு ஏற்ற கோணத்தில் தலை பொருத்திய மட்டையைக் கொடுப்பார்கள். கறுப்புப் புள்ளி என்றால் நியமம். மற்ற நிறங்கள் தலை நிமிர்ந்தோ சரிந்தோ இருப்பதைக் காட்டும்.

அந்தக் கோணத்தில் தான் எங்கள் அண்ணனின் சிக்கல் இருந்தது. அடிக்கும் நேரம் தலையின் அடிப்பாகம் தரையில் தட்டையாகப் படிய வேண்டும். குள்ளமானவர் நெட்டையானவரின் மட்டையைப் பிடித்தால் குதிப்பக்கம் தரையில் இடித்து, நுனி மேலே தூக்கும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். அண்ணன் இத்தனை நாளும் "என் கை சரியில்ல" என்று நினைத்துக்கொண்டிருந்தார். கையில் பிழையே இல்லை.

இனி இலங்கைக்கு வருவோம். கொழும்பு கோல்ஃப் கழகம் 1879 இல் காலிமுகத்திடலில் தொடங்கி, 1896 இல் பொரளைப் பக்கம் ரிட்ஜ்வே மைதானத்துக்குப் போனது. 1928 இல் அதன் பேருக்கு முன்னால் 'ரோயல்' சேர்ந்தது. நுவரெலியாவில் 1889 இல் இன்னொரு கழகம். கண்டிப் பக்கத்துக்கு விக்டோரியா நீர்த்தேக்கக் கரையில் ரஜவெல்ல மைதானம் வந்தது 1999 இல் தான். துரைமாரின் மட்டைகள் கப்பலில் வந்தன. அவற்றைச் சுமக்கும் தோள்கள் இங்கேயே கிடைத்தன. சுமந்தவர்களின் உயரத்தை யார் அளந்தார்கள்?

ஆனாலும் சுமந்தவர்கள் ஆடக் கற்றுக்கொண்டார்கள், உலகம் முழுக்க. ஸ்பெயினின் கடலோரக் கிராமமான பெத்ரெஞ்ஞாவில் செவ்வே பலஸ்தெரோஸ் என்ற கெடிப் பையன், அண்ணன் கொடுத்த ஒரேயொரு பழைய மூன்றாம் எண் மட்டையை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் எல்லா அடியையும் பழகினார். பிற்பாடு 1979, 1984, 1988 என்று மூன்று தடவை பிரித்தானிய ஓபனை வென்றார். கொல்கத்தாவில் மைதானத்துப் புல்லைப் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌரசியா, 2008 இல் இந்தியன் மாஸ்டர்ஸை வென்றார், 2016 இலும் 2017 இலும் இந்தியன் ஓபனை வென்றார். பெங்களூரில் கெடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009 இல் இந்தியன் ஓபனை வென்றார்.

இந்தக் கதைகளைச் சொன்னதும் கடைவாசலில் ஒரு தம்பி கேட்டான்: "அப்பிடின்னா பழசே போதும் தானே?" இல்லை தம்பி. அவர்கள் பழைய மட்டையோடு தொடங்கினார்கள், அதோடேயே நிற்கவில்லை. பழைய மட்டையால் ஜெயித்தவனின் கதை நமக்குக் கிடைக்கிறது. பழைய மட்டையால் உடம்பு கோணி, "எனக்கு வராது" என்று விட்டுப் போனவனின் கதையை யாரும் எழுதி வைப்பதில்லை.

பழையதைத் திருத்துவதா, புதிதாக வாங்குவதா என்ற கேள்விக்கு எங்கள் ஊரிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. கலஹாவுக்கு மேலே லூல்கந்துரத் தோட்டம். 1852 இல் பதினாறு பதினேழு வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867 இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருஷத்தில், 1869 இல், கோப்பி இலையில் துருநோய் கண்டது. மலைநாடு முழுக்க இருந்தது கோப்பிக்கான கட்டடங்கள், கோப்பிக்கான இயந்திரங்கள். தேயிலைக்கு என்று இங்கே எதுவுமே இல்லை.

டெய்லர் முதலில் தன் பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையாலேயே உருட்ட வைத்தார். அதைப் பார்த்து, கொழுந்துக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு, 1872 இல் தொழிற்சாலை அமைத்து, தானே வடிவமைத்த உருட்டும் இயந்திரத்தை வைத்தார். 1873 இல் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. மற்றத் தோட்டங்களிலும் கோப்பி ஸ்டோர்கள் பல தேயிலைக்கு மாற்றப்பட்டன. எங்கள் பெரியவர்கள் தேயிலைத் தொழிற்சாலையை இன்றும் 'ஸ்டோரு' என்று தான் சொல்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயத்தைப் பார்க்கலாம். கட்டடத்தைத் திருத்த முடிந்தது. கோப்பிக் கொட்டையின் தோலை உரிக்கும் இயந்திரத்தைத் திருத்தித் தேயிலை உருட்ட முடியாது, அதற்குப் புதிது தான் வேண்டும். எது திருந்தும், எது திருந்தாது என்று பிரித்துப் பார்த்தவன் பிழைத்தான்.

அதே தோட்டத்தில் அளவே எடுக்காமல் கட்டியதும் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா. ஒருவர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் அதே அளவு. அதற்குள் எங்கள் ஆட்கள் அட்டாலி அடித்தார்கள், முன்னால் இஸ்தோப்பை இழுத்துக் கட்டினார்கள். மம்பட்டிப் பிடி நீளமென்றால் அறுத்தார்கள், கையை அறுக்கிறதென்றால் கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கினார்கள். கவ்வாத்துக் கத்தியை ஒருவர் தீட்டுவதுபோல் இன்னொருவர் தீட்ட மாட்டார். இன்றைக்கு நகரத்தில் கணினியும் ரேடாரும் வைத்து 'ஃபிட்டிங்' என்று காசு வாங்கிச் செய்கிறார்களே, அதன் முதல் பாதியை எங்கள் தாத்தாமார் சும்மாவே செய்தார்கள்.

இனி அண்ணனின் 11 மட்டைக்கு வருவோம். டெய்லரின் வழியிலேயே பிரித்துப் பார்த்தோம்.

திருந்தக்கூடியவை: முதலாவது பிடி. பழைய ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. ரப்பர் இறுகினால் ஆள் தன்னை அறியாமல் இறுக்கிப் பிடிப்பார். புதுப் பிடி, இரட்டைப் பக்க டேப், கொஞ்சம் டர்பன்டைன் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். இரண்டாவது நீளம். அரை அங்குலம், முக்கால் அங்குலம் வெட்டலாம். தலை இலேசானதுபோல் தெரிந்தால் பின்புறத்தில் ஈயப் பட்டி ஒட்டலாம். மூன்றாவது கோணம். அடித்துச் செய்த மென்மையான உருக்குத் தலையை அதற்கான பிடிகருவியில் வைத்து இரண்டொரு பாகை வளைக்கலாம். வார்த்துச் செய்த தலை கடினம், சிலது உடைந்தும் போகும். அது தெரிந்தவர் கையில் தான் நடக்க வேண்டும்.

திருந்தாதவை: தண்டின் பாரமும் விறைப்பும். ஒரு பெரிய உடம்பின் வேகத்துக்கு என்று செய்த தண்டை வெட்டினால் இன்னும் விறைக்குமே தவிர இளகாது. அதற்குத் தண்டையே மாற்ற வேண்டும். 11 மட்டைக்கும் மாற்றினால் புது செட்டின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஆகவே முதலில் செலவில்லாத வேலையைச் செய்தோம். அண்ணனைச் செருப்பில்லாமல் நிற்க வைத்து, தையல்காரரின் டேப்பால் மணிக்கட்டிலிருந்து தரை வரை அளந்தோம். பந்தில் மார்க்கர் பேனையால் நேர்கோடு போட்டு, கோடு மட்டையைப் பார்க்க வைத்து அடிக்கச் சொன்னோம். மட்டை முகத்தில் பதிந்த கோடு எந்தப் பக்கம் சரிகிறதோ, கோணம் அந்தப் பக்கம் பிழை. ஒவ்வொரு மட்டைக்கும் கொப்பியில் ஒரு வரி எழுதினோம். முடிவில் ஏழு மட்டை திருந்தும், மூன்று மட்டை அவருக்கு எப்போதும் சரிவராது, ஒன்று அப்படியே பொருந்தியது என்று தெரிந்தது.

ஏழுக்கும் பிடி மாற்றினோம். அதில் ஐந்தை வெட்டினோம். கோணத்தை, அண்ணனுக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக் பார்த்துக்கொண்டார். மூன்றை ஒதுக்கி வைத்தோம். விதி 14 க்கு மேல் கூடாது என்கிறதே தவிர, 14 கட்டாயம் என்று சொல்லவில்லை. எட்டு மட்டையோடு போட்டிக்குப் போகலாம்.

அளந்து செய்யும் செட் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. அண்ணன் தொடர்ந்து ஆடி, வீச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு, அது வேண்டியிருக்கும். இன்றைக்கு அளந்தால் இன்றைய தடுமாற்றத்துக்குத் தான் அளவு கிடைக்கும். அந்த நாள் வரும்போது கொப்பியில் உள்ள வரிகளைக் கொண்டுபோய்க் காட்டலாம். "எனக்கு நியம அளவு வேண்டாம், என் அளவு இது" என்று சொல்லி வாங்கலாம்.

சீட்டுக் காசு அம்மாவிடமே இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் தகரம் மாறும். கூரையையும் அளந்து தான் வாங்கப் போகிறோம். பழைய தகரத்தில் நாலு நல்லது, அது குசினிக்குப் போகும்.

உங்கள் வீட்டிலும் பை சுமந்தவர்கள், மைதானத்தில் புல் வெட்டியவர்கள் இருந்தால், அவர்கள் முதன்முதலில் எந்த மட்டையைப் பிடித்தார்கள், அதை என்ன செய்து தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். கழகங்களின் வரலாற்றில் ஜெயித்தவர்களின் பேர் பலகையில் இருக்கிறது. இந்த வரலாற்றை நாங்கள் தான் சேர்க்க வேண்டும்.