ஒரு நாள் வித்தியாசம்: பிரிட்டனின் சாலை வரியும் பழைய வேகக் கார்களும்

பி.எம்.டபிள்யூ எம்5 காரின் ‘இ60’ வகை 2005இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. ஐந்து லிட்டர், பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன். கிலோமீட்டருக்கு 300 கிராமுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியிடும் வண்டி அது. 2006 மார்ச் 22 அன்று பதிவான அந்தக் காருக்கு 2025-26 நிதியாண்டின் சாலை வரி 430 பவுண்டு. மறுநாள் பதிவான அதே காருக்கு 760 பவுண்டு. எஞ்சினில் மாற்றமில்லை, புகையில் மாற்றமில்லை. பதிவுத் தேதி மட்டுமே வேறு.

இந்த 330 பவுண்டு எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சுற்றுச்சூழல் கொள்கைதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வரியின் வரலாற்றை 1903 முதல் தொடர்ந்து பார்த்தால் அந்த விளக்கம் பாதிதான் பொருந்துகிறது. பிரிட்டிஷ் அரசுகள் வரியை அளக்கும் கோலை மாற்றிய பெரிய திருப்பங்களில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளைப் பழைய கோலிலேயே விட்டுவிட்டன. அப்படி விடப்பட்டவர்களில் சிலருக்கு அது சலுகையானது, சிலருக்குச் சுமையானது. இன்று அந்தச் சுமை, 2006 மார்ச் 23 முதல் 2017 மார்ச் 31 வரை பதிவான வேகக் கார்களை வைத்திருப்போர் தலையில் இருக்கிறது.

குதிரைத்திறன் காலம்

1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் வண்டிகளுக்குப் பதிவெண்ணைக் கட்டாயமாக்கியது. யாரிடம் எந்த வண்டி இருக்கிறது என்ற பதிவேடு கைக்கு வந்த பிறகுதான் முறையான வரி சாத்தியமாயிற்று. 1909இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த பட்ஜெட் இரண்டு வரிகளை முன்வைத்தது. ஒன்று பெட்ரோலுக்குக் காலனுக்கு 3 பென்ஸ். மற்றொன்று, காரின் குதிரைத்திறனைப் பொறுத்து 2 கினியில் தொடங்கி, 60 குதிரைத்திறனுக்கு மேல் 40 கினி வரை போகும் ஆண்டு வரி. ஓட்டுவதற்கு ஒரு வரி, வைத்திருப்பதற்கு ஒரு வரி என்ற இரட்டை ஏற்பாடு அன்று தொடங்கியது. இன்றைய சிக்கலின் வேரும் அதில்தான் இருக்கிறது.

1920ஆம் ஆண்டின் நிதிச் சட்டப்படி, 1921 ஜனவரி முதல் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு என்று கணக்கு எளிதாக்கப்பட்டது. கண்ணாடியில் ஒட்டும் வட்டமான வரி வில்லையும் அப்போதுதான் வந்தது. ஆனால் குதிரைத்திறன் என்று சட்டம் சொன்னது எஞ்சினின் உண்மையான ஆற்றல் அல்ல. ராயல் ஆட்டோமொபைல் கிளப் வகுத்த சூத்திரம் அது: சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டரையால் வகுக்க வேண்டும். ஃபோர்டு மாடல் டி காரின் சிலிண்டர் விட்டம் 3.75 அங்குலம், சிலிண்டர்கள் நான்கு. கணக்குப் போட்டால் 22.5 வரும், ஆகவே ஆண்டுக்கு 23 பவுண்டு வரி. 1922இல் வந்த ஆஸ்டின் செவன் காருக்கோ 8 பவுண்டுதான்.

இந்தச் சூத்திரத்தில் விட்டம் உண்டு, பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் நீளம் (ஸ்ட்ரோக்) கிடையாது. பொறியாளர்கள் அதைக் கண்டுகொள்ள நெடுநாள் ஆகவில்லை. சிலிண்டரை ஒல்லியாக வைத்து ஸ்ட்ரோக்கை நீட்டினார்கள். வரி ஏறாமல் எஞ்சின் பெரிதாயிற்று. அப்படிப்பட்ட எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது நன்றாக இழுக்கும், வேகமாகச் சுழலத் தயங்கும். ஒரு தலைமுறைக்கு மேல் பிரிட்டிஷ் கார்களின் குணத்தையே ஒரு வரிச் சூத்திரம் தீர்மானித்தது என்றால் மிகையில்லை. அந்தப் பழக்கம் கடல் கடந்து நம் ஊருக்கும் வந்தது. 1947இல் ஆஸ்டின் ஏ40 காருக்காக வந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 65.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 89 மில்லிமீட்டர். பிற்பாடு விட்டத்தை 73 ஆக அகலமாக்கி, ஸ்ட்ரோக்கை அப்படியே வைத்துச் செய்த 1489 சிசி எஞ்சின்தான் நம் அம்பாசடரில் பல்லாண்டு ஓடியது.

வரி வீதம் 1935இல் குதிரைத்திறனுக்கு 15 ஷில்லிங்காகக் குறைந்தது, 1940இல் 25 ஷில்லிங்காக ஏறியது. சாலைக்கென்று தனியே இருந்த நிதியில் சர்ச்சில் நிதியமைச்சராக இருந்தபோதே கைவைத்திருந்தார். 1937 முதல் இந்த வரிப்பணம் பொதுக் கருவூலத்துக்கே போய்விட்டது. பெயர் மட்டும் மக்கள் வாயில் சாலை வரி என்றே நிலைத்தது.

1948: முதல் பிளவு

போருக்குப் பின் ஏற்றுமதிக்குக் கார் செய்ய வேண்டிய நெருக்கடி. ஒல்லி சிலிண்டர் வண்டிகளை வெளிநாட்டில் விற்பது கடினமாக இருந்தது. 1947இல் சிசி கணக்குக்கு மாறிப் பார்த்த அரசு, ஓராண்டிலேயே அதையும் விட்டு, 1948 ஜனவரி முதல் எந்த அளவு எஞ்சினானாலும் ஆண்டுக்கு 10 பவுண்டு என்று ஒரே வரியாக்கியது. ஆனால் இது 1947 ஜனவரி 1க்குப் பின் பதிவான கார்களுக்கு மட்டுமே. அதற்கு முந்தியவை பழைய குதிரைத்திறன் கணக்கிலேயே விடப்பட்டன. 1938இல் வாங்கிய 24 குதிரைத்திறன் கார் 25 ஷில்லிங் வீதத்தில் 30 பவுண்டு கட்டும்போது, பக்கத்து வீட்டுப் புதிய பெரிய கார் 10 பவுண்டோடு முடித்துக்கொண்டது. பழைய பெரிய எஞ்சினை வைத்திருப்பவர் புதிய பெரிய எஞ்சினை வாங்கியவரைவிடக் கூடுதலாகக் கட்டுவது 2017இல் புதிதாக முளைத்த விநோதமல்ல. எழுபது ஆண்டுக்கு முந்தைய முன்னுதாரணம் அதற்கு உண்டு.

அடுத்த ஐம்பது ஆண்டுகள் இந்த ஆய்வுக்கு அதிகம் தருவதில்லை. ஒரே வரி 1968இல் 25 பவுண்டு, 1985இல் 100, 1997இல் 150 என்று ஏறியது. ஒரு நிகழ்வை மட்டும் இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். 1978 நவம்பரில் தொழிற்கட்சி அரசு, பெட்ரோல் வண்டிகளுக்கான ஆண்டு வரியை 1983க்குள் அடியோடு நீக்கி, அதைப் பெட்ரோல் தீர்வையில் சேர்க்கப்போவதாக அறிவித்தது. கூடுதலாக ஓட்டுபவர் கூடுதலாகக் கட்டுவார் என்பது அதன் நியாயம். அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, திட்டமும் கைவிடப்பட்டது. இந்த வரியின் வரலாற்றில் தவறவிட்ட மிகப் பெரிய வாய்ப்பு இதுவே என்பது என் கருத்து.

ஏழாவது பிரிவும் அதன் விளைவும்

2001 மார்ச் 1 முதல் பதிவான கார்களுக்கு வரி கார்பன் டை ஆக்சைடு அளவின்படி விதிக்கப்பட்டது. அதற்கு முந்தியவை சிசி கணக்கில் வைக்கப்பட்டன: 1549 சிசி வரை ஒரு வீதம், அதற்கு மேல் இன்னொன்று. 2006 மார்ச் 22 அன்று நிதியமைச்சர் கார்டன் பிரவுன் தாக்கல் செய்த பட்ஜெட் ‘ஜி’ என்று ஏழாவது பிரிவைச் சேர்த்தது. 225 கிராமுக்கு மேல் வெளியிடும் கார்கள் அதில் விழுந்தன. மறுநாள் முதல் பதிவாகும் கார்களுக்கே அது பொருந்தும் என்றார்கள்.

அன்றைக்கு அந்தப் பிரிவின் வரி 210 பவுண்டு. அதற்குக் கீழிருந்த பிரிவுக்கு 190. வித்தியாசம் வெறும் 20 பவுண்டு. வேகக் கார் வாங்க வசதியுள்ள யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அடுத்த பட்ஜெட்டில் அது 300 ஆனது, 2008-09இல் 400 ஆனது. 2006 வசந்தத்தில் கார் வாங்கியவர் ஒத்துக்கொண்டது 210 பவுண்டுக்கு. இரண்டே ஆண்டில் அது ஏறக்குறைய இரட்டிப்பானது.

2008இல் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் பட்டியலை ‘ஏ’ முதல் ‘எம்’ வரை பதின்மூன்று பிரிவுகளாக்கினார். 2001 மார்ச்சுக்குப் பின் பதிவான எல்லாக் கார்களும் அதற்குள் வந்தன. பல ஆண்டுகளுக்கு முன்பே வாங்கிய கார்களின் வரியையும் கணிசமாக உயர்த்துவது திட்டம். எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. ஏற்கெனவே செய்த தேர்வுக்கு இப்போது தண்டனையா என்ற கேள்விக்கு அரசிடம் நல்ல பதில் இல்லை. நவம்பரில் டார்லிங் பின்வாங்கினார்: 2009இல் எந்தக் காருக்கும் 5 பவுண்டுக்கு மேல் ஏறாது, 2010இல் 30 பவுண்டுக்கு மேல் ஏறாது. முடிவில் நின்ற ஏற்பாட்டின்படி, 2006 மார்ச் 23க்கு முன் பதிவான கார்கள் எவ்வளவு புகை கக்கினாலும் ‘கே’ பிரிவைத் தாண்டாது. பிந்தியவை ‘எல்’ (226 முதல் 255 கிராம்), ‘எம்’ (255க்கு மேல்) பிரிவுகளுக்குப் போகும்.

2010-11இல் ‘கே’ 245 பவுண்டு, ‘எம்’ 435. அதன் பிறகு சில்லறை விலைக் குறியீட்டை ஒட்டி வரி ஏறி வந்தது. 2025-26இல் ‘கே’ 430, ‘எம்’ 760. இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் ஏறியிருக்கின்றன, ஆனால் இடைவெளி 190 பவுண்டிலிருந்து 330 ஆகிவிட்டது. 20 பவுண்டில் பிறந்த வித்தியாசம் அது. இந்த ஏற்றத்துக்காக எந்த அமைச்சரும் நாடாளுமன்றத்தில் வாதாட வேண்டியிருக்கவில்லை. விலைவாசிக் குறியீடு அந்த வேலையைச் செய்தது.

பிறகு 2017 ஏப்ரல் 1 வந்தது. கோல் மீண்டும் மாறியது. முதலாண்டில் மட்டும் புகையைப் பார்த்து வரி, 255 கிராமுக்கு மேல் 2,000 பவுண்டு. அடுத்த ஆண்டிலிருந்து பெட்ரோல், டீசல் கார்கள் எல்லாவற்றுக்கும் 140. விலை 40,000 பவுண்டுக்கு மேலான கார்களுக்கு ஐந்தாண்டு மட்டும் கூடுதல் வரி. அந்த ஐந்தாண்டு முடிந்தபின், எட்டு சிலிண்டர் வண்டியும் 2025-26இல் 195 பவுண்டுதான் கட்டியது.

2025-26இல் யார் எவ்வளவு?

300 கிராம் வெளியிடும், இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட ஒரே மாதிரி வேகக் காரை வெவ்வேறு ஆண்டுகளில் வைத்துப் பாருங்கள். 1984இல் தயாரானது என்றால் வரியே இல்லை. நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு விலக்கு உண்டு. 1990களில் பதிவானது 360 பவுண்டு. 2003இல் பதிவானது 430. 2008இல் பதிவானது 760. 2018இல் பதிவானது 195. வயது ஏற ஏற வரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடுவில் ஒரு பதினோராண்டுக் கூட்டம் மட்டும் தனியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இதற்கு நல்ல சாட்சி. பிஸ்டன் இல்லாமல் சுழலும் ரோட்டரி எஞ்சின், காகிதத்தில் வெறும் 1308 சிசி. 2001க்கு முந்தைய கோலில் அளந்தால் இது சிறிய கார், 220 பவுண்டு கட்டும். 2006 மார்ச் 23 முதல் பதிவான, 231 குதிரைத்திறன் கொண்ட வகையைப் புகைக் கோலில் அளந்தால் உச்சப் பிரிவு, 760 பவுண்டு. ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் சூத்திரத்துக்கோ இது அகப்படவே அகப்படாது. எஞ்சின் சிக்கலும் எரிபொருள் செலவும் சேர்ந்து பழைய கார் சந்தையில் இதன் விலையைக் குறைத்துவிட்டன. அதனால் வாங்குபவர் பெரும்பாலும் இளைஞர், தானே பழுது பார்த்துக்கொள்பவர். பணக்காரரின் ஆடம்பரத்துக்கு என்று விதித்த வரியை மூன்றாவது, நான்காவது உரிமையாளர் கட்டுகிறார். இதன் மறுபக்கம் 2009இன் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ். 300 குதிரைத்திறனைத் தாண்டிய அந்தக் காரின் சான்றிதழில் உள்ள எண் 225 கிராம். ஒரு கிராம் கூடியிருந்தால் ‘எல்’ பிரிவுக்குப் போய் 2025-26இல் 735 பவுண்டு கட்டியிருக்கும். 430ஓடு நின்றது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் காரை நிறுத்தி, ஏறக்குறைய இருபது நிமிடம், பதினொரு கிலோமீட்டர் கணக்கில் ஓட்டிப் பெறும் எண் அது. சாலையில் வெளியாகும் புகை அதைவிட அதிகம் என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. சோதனைக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அது ஒரு கிலோமீட்டருக்கான அளவு. ஆண்டு முழுதும் எத்தனை கிலோமீட்டர் என்பது வரிக்குத் தெரியாது.

300 கிராம் கார் ஒன்று ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடினால் 0.9 டன் கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.31 கிலோ வெளியாகும். எனவே அது குடிப்பது ஏறக்குறைய 390 லிட்டர். லிட்டருக்கு 52.95 பென்ஸ் தீர்வை என்றால் 206 பவுண்டு. ஆண்டு வரி 760 சேர்த்தால் 966. 2014இல் பதிவான 120 கிராம் கார் 20,000 கிலோமீட்டர் ஓடினால் 2.4 டன். அதன் தீர்வை 550 பவுண்டு, ஆண்டு வரி 35, மொத்தம் 585. ஒரு டன்னுக்கு என்று பார்த்தால் முன்னது ஆயிரம் பவுண்டுக்கு மேல் கட்டுகிறது, பின்னது சுமார் 244. புகைக்காகத்தான் வரி என்றால் இந்தக் கணக்கை நியாயப்படுத்த வழியில்லை. தீர்வை மட்டும் இருந்திருந்தால் இரண்டு காரும் தத்தம் புகைக்கேற்பக் கட்டியிருக்கும். ஆனால் 2000ஆம் ஆண்டின் எரிபொருள் விலைப் போராட்டத்தைக் கண்ட பிரிட்டிஷ் அரசுகள் தீர்வையில் கைவைக்க அஞ்சுகின்றன. 2011க்குப் பின் 2025 வரை தீர்வை ஏறவே இல்லை, 2022இல் 5 பென்ஸ் குறைந்தது.

உரிமையாளர்கள் தங்களால் ஆனதைச் செய்துகொள்கிறார்கள். கோடையில் ஆறு மாதத்துக்கு மட்டும் வரி (‘எம்’ பிரிவுக்கு 2025-26இல் 418 பவுண்டு) கட்டி ஓட்டிவிட்டு, குளிர்காலத்தில் வண்டி சாலைக்கு வராது என்று அறிவித்து உள்ளே நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு என்று கட்டினால் பாதியைவிடப் பத்து சதவீதம் கூடுதல் என்பதையும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

புகைமிக்க காருக்கு வரியே கூடாது என்று இக்கட்டுரை சொல்லவில்லை. புதிய கார் வாங்குபவரிடம், தேர்வு செய்யும் நேரத்தில், கனமாக வாங்குவது நியாயம். 2017 முறையில் பாராட்ட வேண்டியது அதுதான். 2025 ஏப்ரலில் அந்த முதலாண்டு வரியின் உச்சம் 5,490 பவுண்டாக ஏறியதும் அந்த வகையில் சரியே. தேர்வு முடிந்து பதினைந்து, இருபது ஆண்டு ஆன வண்டியின்மீது ஆண்டுதோறும் ஏற்றுவது எந்தத் தேர்வையும் மாற்றாது. ‘எல்’, ‘எம்’ பிரிவுகளை ‘கே’ பிரிவோடு சேர்த்து, அந்த வருவாய் இழப்பை எரிபொருள் தீர்வையில் ஈடுகட்டுவதே 1978இன் நியாயத்துக்கு ஒத்த வழி.

அதுவரை, லண்டனிலோ லெஸ்டரிலோ பழைய வேகக் கார் வாங்க நினைக்கும் தமிழ் வாசகர்கள் விலையைப் பேசுமுன் வண்டியின் பதிவுச் சான்றிதழான வி5சியை வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் ‘பி’ என்ற கட்டத்தில் முதல் பதிவுத் தேதியும், ‘வி.7’ என்ற கட்டத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவும் இருக்கும். தேதி 2006 மார்ச் 23 முதல் 2017 மார்ச் 31 வரைக்குள், அளவு 255க்கு மேல் என்றால், அது ‘எம்’ பிரிவு வண்டி. அது 2006இல் தயாரானதாக இருந்தால், இப்போதைய சட்டப்படி வரிவிலக்குக் கிடைப்பது 2047 ஏப்ரலில்.