லிட்டில் டோரிட்: கடன் சிறையில் ஒரு தந்தையும் மகளும்

'லிட்டில் டோரிட்' சார்ல்ஸ் டிக்கன்ஸ் (1812–1870) எழுதிய நாவல். 1855 டிசம்பர் முதல் 1857 ஜூன் வரை லண்டனில் மாதந்தோறும் தனித்தனிப் பகுதிகளாக வெளிவந்தது. கடனுக்காகச் சிறையில் கிடக்கும் தந்தைக்கும் அவரைப் பராமரிக்கும் இளைய மகளுக்கும் இடையிலான உறவு இதன் மையம். விக்டோரியா கால நாவல்களில் பெற்றோரை இழந்த குழந்தைகளும் பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளும் நிறைய உண்டு. இங்கே தந்தை கூடவே இருக்கிறார். அவரைச் சுமப்பதுதான் மகளின் வாழ்க்கையாகிறது. பிள்ளை பெற்றவருக்குப் பெற்றவராகும் இந்த நிலையை அன்றைய கடன் சட்டமே பல குடும்பங்களில் உண்டாக்கியது. அதை டிக்கன்ஸ் சிறுவனாக இருந்தபோது நேரில் கண்டவர்.

மார்ஷல்சீ

நாவலின் களமான மார்ஷல்சீ, தேம்ஸ் நதியின் தென்கரையில் சதர்க் பகுதியில் இருந்த சிறை. 1842-இல் மூடப்பட்டது. அதன் மதில் ஒன்று இன்றும் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்கு அருகே நிற்கிறது. கடனைத் திருப்பித் தராதவரைக் கடன் கொடுத்தவர் கைது செய்விக்கலாம் என்பது அன்றைய சட்டம். உள்ளே சென்றவர் சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்காமல் கடனை அடைக்கவும் முடியாது. ஆனால் அவரது மனைவி மக்கள் கைதிகள் அல்லர். விரும்பினால் அவருடன் அறையில் தங்கலாம், காலையில் வெளியே போகலாம், இரவில் மணியடித்துக் கதவைப் பூட்டுவதற்குள் திரும்பி வரலாம். ஆகவே குடும்பத்தில் வெளியே போய்ப் பணம் கொண்டுவரக்கூடியவர்கள் மனைவியும் குழந்தைகளும்தான். கடனுக்காகச் சிறைவைக்கும் வழக்கத்தை 1869-ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவுக்கு ஒழித்தது.

டிக்கன்ஸின் தந்தை ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுத்தர். 1824 பிப்ரவரியில், ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குத் தரவேண்டிய 40 பவுண்டு 10 ஷில்லிங் கடனுக்காக மார்ஷல்சீயில் அடைக்கப்பட்டார். தாய் எலிசபெத் சிறிய பிள்ளைகளோடு அங்கேயே குடியேறினார். சார்ல்ஸுக்கு அப்போது 12 வயது. ஏற்கெனவே வாரன் என்ற பூட் பாலிஷ் தயாரிப்பிடத்தில் புட்டிகளுக்குக் காகிதம் சுற்றி ஒட்டும் வேலையில் சேர்க்கப்பட்டிருந்தார். கூலி வாரத்துக்கு 6 அல்லது 7 ஷில்லிங். தனியே வாடகை அறையில் தங்கி, பிறகு சிறைக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்து, காலை உணவுக்குச் சிறைக்குப் போய் வந்தார். அக்கா ஃபேனி அந்தக் காலம் முழுவதும் ராயல் இசைக் கல்விக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். தந்தை மே மாத இறுதியில் விடுதலையானார். அதன் பிறகும் மகன் வேலையைத் தொடர வேண்டும் என்று தாய் விரும்பியதை டிக்கன்ஸ் கடைசிவரை மன்னிக்கவில்லை.

தந்தையின் கௌரவம்

நாவலில் வில்லியம் டோரிட் 20 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருப்பவர். அவருடைய கடன் விவகாரம் எவருக்கும், அவருக்கே கூட, விளங்காது. கடைசி மகள் ஏமி சிறையில் பிறக்கிறாள். அவளுக்கு எட்டு வயதாகும்போது தாய் இறந்துவிட, குடும்பப் பொறுப்பு அவள் மேல் விழுகிறது. அவளே தையல் கற்று வெளியே வேலைக்குப் போகிறாள். சிறைக்கு வந்து சேர்ந்த நடன ஆசிரியர் ஒருவரைப் பிடித்து அக்காவுக்கு நடனம் கற்பிக்கச் செய்கிறாள். அக்காவின் பெயர் ஃபேனி என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. அண்ணன் டிப்புக்கு வேலைக்குமேல் வேலை தேடித் தருகிறாள். அவன் எதிலும் நிலைப்பதில்லை. ஒருநாள் அவனும் கைதியாகவே உள்ளே வருகிறான். அது தந்தைக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார் என்று, பார்க்க வந்தவனைப் போல நடிக்கச் சொல்கிறாள்.

டோரிட்டோ தன்னை 'மார்ஷல்சீயின் தந்தை' என்று மற்றவர்கள் அழைப்பதில் பெருமை கொள்பவர். புதிதாக வருபவர்களை வரவேற்பார். விடுதலையாகிப் போகிறவர்கள் கையில் வைக்கும் சில்லறையை 'அன்பளிப்பு' என்று ஏற்றுக்கொள்வார். தம் பெண்கள் கூலி வேலை செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது என்ற பாவனையை வீடே கட்டிக்காக்கிறது. ஏமி வேலை செய்யும் வீட்டில் தனக்குத் தரும் மதிய உணவைச் சாப்பிடாமல் மடித்து எடுத்து வந்து இரவில் அவருக்குக் கொடுக்கிறாள். அவரும் சாப்பிடுகிறார், எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

நாவலிலேயே மிகக் கூசவைக்கும் பகுதி இதற்குப் பின் வருகிறது. சிறைக் காவலரின் மகன் ஜான் சிவரி ஏமியைக் காதலிக்கிறான். அவள் மறுத்துவிட்டதால் காவலர் முகம்கொடுத்துப் பேசுவதில்லை என்று டோரிட் அஞ்சுகிறார். அந்தப் பையனிடம் கொஞ்சம் அனுசரணையாக இருந்தால் என்ன என்று நேரடியாகக் கேட்க அவரால் முடியவில்லை. வேறு யாருக்கோ நடந்ததுபோல் ஒரு பழங்கதையைச் சுற்றிவளைத்துச் சொல்கிறார். ஏமி பதில் பேசுவதில்லை. அந்த மௌனத்தில் தான் கேட்டது என்ன என்று அவருக்கே உறைத்து, உடைந்து அழுகிறார். அவள் அவரைச் சமாதானப்படுத்தித் தூங்கவைக்கிறாள். டிக்கன்ஸ் இந்தத் தந்தையை அரக்கனாகக் காட்டவில்லை. மகள்மீது அவருக்குப் பாசம் உண்டு. அந்தப் பாசம் தன் சௌகரியம்வரைதான் போகும் என்பதை ஒரு கணம் உணர்ந்து, மறுகணம் மறந்துவிடுகிற மனிதர் அவர்.

ஏமிக்கு 22 வயது. உருவத்தில் சிறுமி, தெருவில் பார்ப்பவர்கள் குழந்தை என்றே நினைக்கிறார்கள். ஆனால் மனவளர்ச்சி குன்றிய மேகி என்ற பெண் அவளைச் சின்ன அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அவள் சரியாகவே கண்டுகொண்டாள் என்று சொல்ல வேண்டும்.

செல்வம் வந்தபின்

எதிர்பாராத சொத்து ஒன்று வந்து டோரிட் விடுதலையாகிறார். குடும்பம் இத்தாலிக்குப் பயணம் போகிறது. இப்போது அவருக்கு இடைஞ்சலாக இருப்பவள் ஏமிதான். அவள் அருகில் வந்து பணிவிடை செய்யும் விதமே சிறையை நினைவூட்டுகிறது. ரோமில் ஒரு பெரிய விருந்தில் அவர் மனம் பேதலிக்கிறது. எழுந்து நின்று, விருந்தினர்களை மார்ஷல்சீக்கு வரவேற்று, அன்பளிப்பு கேட்கிறார். ஏமி வெட்கப்படவில்லை, அவரைப் பிடித்துக்கொள்கிறாள். இறக்கும்வரை அவர் மனத்தைவிட்டு அவள் அகலவே இல்லை. அவர் நினைவில் மாளிகை சிறையாகவே ஆகிவிட்டது. அடகு வைக்கச் சொல்லி அவர் தரும் கடிகாரத்தையும் மோதிரங்களையும் மறுபேச்சின்றி வாங்கிக்கொள்கிறாள்.

மறுபுறம் ஆர்தர் கிளென்னம் கதை ஓடுகிறது. கடுமையான மத நம்பிக்கையால் அவனை அன்பின்றி வளர்த்த திருமதி கிளென்னம் உண்மையில் அவனைப் பெற்றவள் அல்ல. அந்த உண்மையையும், ஏமிக்குச் சேரவேண்டிய பணத்தையும் பல ஆண்டுகளாக மறைத்தவள். பலவீனமான தந்தைக்கு நாவல் இரக்கத்தைத் தருகிறது; தாயின் இடத்தில் இருப்பவளுக்கு அந்த அளவு தருவதில்லை. டிக்கன்ஸின் சொந்தக் கணக்கு இங்கே தெரிகிறது என்று வாசிக்க இடமுண்டு. இறுதியில் ஏமி, ஆர்தரை மணக்கும் நாளில், அந்த ரகசியத்தின் ஆவணத்தை அவனுக்குப் படித்துக்காட்டாமல் அவன் கையாலேயே எரிக்கச் செய்கிறாள்.

டிக்கன்ஸும் தம் சிறுவயது வேலையைப் பற்றி வெளியில் பேசியதில்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மட்டும் எழுதிக்கொடுத்தார். டிக்கன்ஸ் மறைந்தபின் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலமே வாசகர்களுக்கு அது தெரியவந்தது. 1869 கிறிஸ்துமஸின்போது குடும்பத்தார் நினைவாற்றல் விளையாட்டு ஒன்று ஆடியதை மகன் ஹென்றி பிற்பாடு பதிவுசெய்திருக்கிறார். ஒவ்வொருவரும் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். தந்தையின் முறை வந்தபோது அவர் வாரன் பூட் பாலிஷின் பெயரையும் ஸ்ட்ராண்ட் தெரு முகவரியையும் ஒருவிதமான குரலில் சொன்னார். அது என்னவென்று ஹென்றிக்கு அப்போது புரியவில்லை.